இரண்டு வயதும் ஐந்து வயதும்: பிள்ளைகளோடு சிங்கப்பூருக்கு ஐந்து நாள் போய்வருவது எப்படி

சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றப் போவது சுற்றுலா இல்லை, வீட்டு வேலையை வேறு ஊரில் போய்ச் செய்வது என்று என் அத்தை சொல்வார். முதல் முறை சிங்கப்பூர் போனபோது அது அப்படியே பலித்தது. பெரியவளுக்கு அப்போது மூன்று வயது. காலையில் மிருகக்காட்சிசாலை, அதே இடத்தில்தானே இருக்கிறது என்று இரவில் நைட் சஃபாரி, இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டோம், புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைப்பு வேறு. நைட் சஃபாரி இரவு ஏழு மணிக்கு மேல்தான் திறக்கும். ஆறரைக்கே அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சிங்கம், சிறுத்தை எல்லாவற்றையும் நானும் என் மனைவியும் மாறி மாறி அவளைச் சுமந்துகொண்டு பார்த்தோம். விடுதிக்குத் திரும்பிப் படுக்க வைத்ததும் எழுந்து உட்கார்ந்து "சிங்கம் எங்கே?" என்றாள்.

இரண்டாம் முறை அவளுக்கு ஐந்து, சின்னவனுக்கு இரண்டு. அந்தப் பயணம் நன்றாகவே அமைந்தது. காரணம் ஒன்றுதான். எந்த இடங்களைப் பார்ப்பது என்று ஆரம்பிக்காமல், பிள்ளைகள் மதியம் எங்கே, எத்தனை மணிக்குத் தூங்குவார்கள் என்று ஆரம்பித்தோம். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். முதல் தடவை போகிறவர்களுக்காக நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் மாதம்

ஏப்ரல், மே நமக்குக் கோடை விடுமுறை, அங்கே பள்ளி நடக்கும் காலம். அவர்களுக்கு ஜூனில்தான் ஒரு மாத விடுமுறை. அதனால் ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் வார நாட்களில் பிள்ளைகளுக்கான இடங்களில் கூட்டம் குறைவு. டிசம்பர் வேண்டாம் என்பேன். அது அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம், போதாததற்கு அவர்களுடைய வருடக் கடைசி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும்.

வெயிலைப் பொறுத்தவரை வருடம் முழுவதும் ஒரே கதைதான், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். திருச்சியில் மே மாதம் 40 டிகிரியைப் பார்த்த பிள்ளைகளுக்கு 32 டிகிரி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கிறது. அரை மணி நேரம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் காரணமில்லாமல் சிணுங்க ஆரம்பிப்பார்கள். தாகம் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நல்ல விஷயம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். புட்டியைக் கொண்டுபோனால் போதும், நிரப்பிக்கொண்டே இருக்கலாம்.

காகிதங்கள்

கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். பெரியவளுடையதை எடுத்துப் பார்த்தபோது நான்கு மாதம்தான் பாக்கி இருந்தது, குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே எல்லா பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பித் தேதி பாருங்கள். இந்தியர்களுக்கான விசாவை அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாக எடுக்கலாம்.

அப்புறம் எஸ்ஜி அரைவல் கார்டு. சிங்கப்பூர் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம், ஆளுக்கு ஒன்று, இரண்டு வயதுப் பையனுக்கும் ஒன்று. குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது முழுக்க இலவசம். தேடினால் அதே மாதிரி முகப்போடு பணம் கேட்கிற தளங்கள் முதலில் வந்து நிற்கும். காசு கேட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

விமானம்

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு, நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பெரும்பாலும் இரவில் கிளம்பி விடியற்காலையில் இறங்குகிறவை. பிள்ளை தூங்கிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். தூங்கும்தான். ஆனால் நீங்கள் தூங்க மாட்டீர்கள், காலையில் இறங்கினாலும் அறை கிடைக்க மதியம் இரண்டு மணி ஆகும், அதுவரை பெட்டியோடும் பிள்ளையோடும் எங்கே போவது? பகல் விமானம் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். இரவு விமானம்தான் கிடைத்தது என்றால், சீக்கிரமே அறை தர முடியுமா என்று விடுதிக்கு முன்கூட்டி எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வயதுக்குள் என்றால் மடியில் உட்கார வைக்கிற டிக்கெட், மலிவு. ஆனால் திரும்பி வரும் நாளில் பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்திருந்தால் வரும்போது தனி இருக்கை எடுக்க வேண்டும். சின்னவன் பிறந்தநாளை ஒட்டிப் போன எங்களுக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது.

மடக்குகிற தள்ளுவண்டியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். நம் ஊர் நடைபாதையில் அதைத் தள்ளிப் பார்த்து வெறுத்துப் போயிருப்பீர்கள், அந்த நினைப்பில் வீட்டிலேயே விட்டுவிட வேண்டாம். அங்கே எல்லா ரயில் நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது, பேருந்தில்கூட மடக்காமல் ஏற்றலாம். ஐந்து வயதுப் பெண் நடப்பாள்தானே என்று ஒற்றை வண்டியோடு போனோம். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த ஒரு வண்டிக்கு இரண்டு பேரும் சண்டை.

தங்கும் இடம்: ஊரைப் பார்க்காதீர்கள், ரயில் தடத்தைப் பாருங்கள்

இதில்தான் பயணமே நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் முறை பணம் மிச்சம் என்று நகரத்தை விட்டுத் தள்ளி ஓர் அறை எடுத்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர. மதியம் திரும்பி வந்து பிள்ளையைத் தூங்க வைக்கவே முடியவில்லை. மிச்சம் பிடித்த காசு டாக்ஸிக்குப் போயிற்று.

இரண்டாம் முறை லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் தங்கினோம். இட்லி கிடைக்கும் என்பதற்காக மட்டுமில்லை. அந்த நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. நீலத் தடமான டவுன்டவுன் லைனில் ஒரு பக்கம் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா, மறுபக்கம் நான்காவது நிறுத்தம் பேஃபிரன்ட், அதாவது கார்டன்ஸ் பை த பே என்கிற பெரிய தோட்டம். ஊதாத் தடமான நார்த் ஈஸ்ட் லைனில் இரண்டாவது நிறுத்தம் கிளார்க் கீ, கடைசி நிறுத்தங்களில் ஒன்றான ஹார்பர்ஃபிரன்ட் போனால் சென்டோசா தீவுக்கு வாசல். பிள்ளைகளோடு போக வேண்டிய இடங்களில் முக்கால்வாசி வண்டி மாறாமலே வந்துவிடுகிறது. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி மாறிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். லிட்டில் இந்தியாவிலேயே தங்க வேண்டும் என்றில்லை, பூகிஸ் பக்கம் தங்கினாலும் நீலத் தடம் உண்டு. அறையைப் பதிவு செய்யும் முன் தட வரைபடத்தை எதிரில் வைத்து, போக வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துப் பாருங்கள்.

அறை சின்னதாக இருக்கும், நம் ஊர் அளவில் எதிர்பார்க்காதீர்கள். எத்தனை பேர் என்று கேட்கும்போது பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சின்னப் பிள்ளைதானே, நடுவில் படுத்துக்கொள்ளும்" என்கிற கணக்கு அங்கே செல்லாது. எங்களை ஒரு விடுதியில் வரவேற்பு மேசையிலேயே நிறுத்தி, இருவருக்கான அறையில் நான்கு பேர் தங்க முடியாது என்று பெரிய அறைக்குப் பணம் கட்ட வைத்தார்கள். பதிவு செய்த பக்கத்திலேயே அந்த விதி இருந்தது, நான்தான் படிக்கவில்லை. நீச்சல் குளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது பாதிச் சுற்றுலா.

கடிகாரம்

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பெரியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. வீட்டில் காலை ஆறரைக்கு எழுகிற பிள்ளைக்கு அங்கே அது ஒன்பது மணி, இரவு ஒன்பதுக்குத் தூங்குகிற பிள்ளைக்கு அங்கே பதினொன்றரை. முதல் முறை இதோடு மல்லுக்கட்டினோம், காலை ஏழு மணிக்கு எழுப்பி உட்கார வைத்தோம். அவளுடைய உடம்புக்கு அது நாலரை மணி. அன்று முழுக்க அழுகை.

இரண்டாம் முறை பாதி வழியில் சமாதானம். எட்டு மணிக்கு எழுப்புவது என்று வைத்துக்கொண்டோம். அங்கே சூரியனே ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும், மறைவதும் ஏழு மணி வாக்கில்தான், அதனால் எட்டு மணி என்பது தாமதமே இல்லை. எங்கள் நாள் இப்படி ஓடியது: ஒன்பதேகாலுக்கு வெளியே, ஒன்றரைக்குள் அறைக்கு, இரண்டரையிலிருந்து நாலரை வரை தூக்கம், ஐந்தரைக்கு மறுபடி வெளியே, ஒன்பதரை வாக்கில் திரும்புதல். அங்கே இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கொட்டும். நாம் அறையில் இருக்கும்போது அது பெய்து ஓய்ந்துவிடும், சாயங்காலம் தரை குளிர்ந்திருக்கும். இரவு எட்டே முக்கால் மணி விளக்குக் காட்சியும் பிள்ளையின் உடம்புக்கு ஆறேகால் மணிதான், கொட்டாவி இல்லாமல் பார்க்கும். இந்த இரண்டரை மணி நேரம் உண்மையில் நமக்குச் சாதகம், முதல் முறை அது தெரியவில்லை.

நாட்களைப் பிரிப்பது

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள், கூட வருகிற மாமனார் என்ன சொன்னாலும். காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிற இடங்கள் ஐந்து நாளில் இரண்டைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று, திங்கட்கிழமையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கான இரண்டு அருமையான இலவச இடங்களும், அதாவது தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கிற ஜேக்கப் பாலாஸ் சிறுவர் பூங்காவும் கார்டன்ஸ் பை த பேயில் இருக்கிற சிறுவர் பூங்காவும், திங்களன்று மூடியிருக்கும். மிருகக்காட்சிசாலை திறந்திருக்கும், வார நாள் என்பதால் கூட்டமும் குறைவு. ஆக, திங்கள் மிருகக்காட்சிசாலைக்கு. நாங்கள் சனிக்கிழமை இறங்கிப் புதன் இரவு கிளம்பினோம்.

சனி ஒன்றும் செய்யாதீர்கள். தூங்கி எழுந்து, சாயங்காலம் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் வரை நடந்து போய்விட்டு, பக்கத்தில் உணவுக் கடைகள் நிறைந்த டெக்கா சென்டரில் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். பெரியவளுக்கு அன்று ஒரு விளையாட்டு கிடைத்தது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, ரயில் நிலையப் பலகையில் தமிழ், கட்டட வேலை நடக்கிற இடத்து வேலியில் "அபாயம்", சில்லறைக் காசில்கூட "சிங்கப்பூர்" என்று தமிழில். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிள்ளைக்கு வேறொரு நாட்டில் தன் எழுத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேட்டை. ஐந்து நாளும் அதையே செய்துகொண்டு வந்தாள்.

ஞாயிறு காலை தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை, நேராக ஜேக்கப் பாலாஸுக்குப் போய்விடுங்கள். பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் உள்ளே நுழைய முடியாது, அங்கே அவர்கள்தான் முதலாளி. மர வீடு, மணல், தண்ணீர் பீச்சுகிற இடம். மாற்று உடையும் துண்டும் இல்லாமல் போகாதீர்கள், ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடுவார்கள். பெரியவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மலாயாவின் ரப்பர் விவசாயத்துக்கு வித்து விழுந்தது இந்தப் பூங்காவில்தான், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கிற முறையை இதன் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி இங்கேதான் செம்மைப்படுத்தினார். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டத்தான் நம் ஊர்களிலிருந்து சனம் சனமாகக் கப்பலேறியது. பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தபோது நான் இதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் கிளார்க் கீயிலிருந்து படகு. சுமார் நாற்பது நிமிடம் ஆற்றில் போய் மரீனா விரிகுடாவைச் சுற்றித் திரும்பும். சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயனைப் பார்க்கத் தனியாக வெயிலில் போய் நிற்கத் தேவையில்லை, அந்த 8.6 மீட்டர் சிலை வாயிலிருந்து தண்ணீரைக் கொட்டுவது படகிலிருந்தே நன்றாகத் தெரியும். பொருட்களைக் கரையேற்றிய பழைய படகுகளின் வடிவத்திலேயே இவை இருக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி ஊரைப் பார்ப்பதைப் போல் கால் வலிக்கிற பிள்ளைக்கு வேறு மருந்து இல்லை.

திங்கள் மண்டாய் மிருகக்காட்சிசாலை. நீலத் தடத்தில் ஒரு நிறுத்தம் நியூட்டன் வரை போய், அங்கே சிவப்புத் தடத்துக்கு மாறி ஏழாவது நிறுத்தமான காத்திப்பில் இறங்கினால் அங்கிருந்து மண்டாய்க்குத் தனிப் பேருந்து உண்டு. எட்டரைக்குத் திறக்கும். இன்று மட்டும் பிள்ளைகளைச் சீக்கிரம் எழுப்பலாம், மதியத் தூக்கம் தள்ளுவண்டியில்தான் என்று முடிவோடு போங்கள். தலைக்கு மேலே கயிற்றிலும் கிளையிலும் ஒராங்குட்டான்கள் தாராளமாகத் திரிவதைப் பார்த்தபோது சின்னவன் அப்படியே வாய் பிளந்து நின்றான். முதலில் டிராமில் ஒரு சுற்று போய்விட்டு, பிடித்த இடத்துக்கு நடந்து வாருங்கள். பிள்ளைகளுக்கான தண்ணீர் விளையாட்டு இடத்தைக் கடைசியில் வையுங்கள், முதலில் காட்டினால் அப்புறம் எந்த மிருகத்தையும் பார்க்க மாட்டார்கள். பக்கத்திலேயே ரிவர் வொண்டர்ஸ், 2023இல் திறந்த பேர்ட் பாரடைஸ், நைட் சஃபாரி எல்லாம் இருக்கின்றன, இரண்டு மூன்றைச் சேர்த்து எடுத்தால் மலிவு என்று டிக்கெட் கவுன்டரில் ஆசை காட்டுவார்கள். என் கதையை மேலே படித்தீர்கள்.

செவ்வாய் காலை சும்மா இருங்கள். குளத்தில் விளையாடட்டும், இல்லையென்றால் மாடிப் பேருந்தில் ஏறி மேல் தட்டில் முன் இருக்கையைப் பிடித்து ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் போய்த் திரும்புங்கள். இந்த ஒன்றரை டாலர் சுற்றுலா எங்கள் வீட்டில் மிருகக்காட்சிசாலைக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. சாயங்காலம் கார்டன்ஸ் பை த பே. ஐந்து மணிக்கே போய்விடுங்கள், இருட்டும் முன் சிறுவர் பூங்காவை மூடிவிடுவார்கள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் மாற்று உடை. பிறகு சாப்பாடு. 7:45க்கும் 8:45க்கும் சூப்பர்ட்ரீ என்கிற மர வடிவக் கோபுரங்களின் கீழே ஒலி ஒளிக் காட்சி, தினமும் இலவசம். கூட்டத்தில் நிற்காமல் தரையில் துண்டு விரித்துப் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள். அங்கே எல்லாரும் அப்படித்தான் படுத்துப் பார்க்கிறார்கள். கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடி மாளிகைக்கு டிக்கெட் எடுப்பதா வேண்டாமா? உள்ளே குளுகுளுவென்று இருக்கும், நுழைந்ததும் ஓர் உயரமான அருவி. மழை பெய்தால் எடுங்கள், இல்லையென்றால் தேவையில்லை.

சென்டோசாவை எங்கே காணோம் என்பீர்கள். ஆறாவது நாள் இருந்தால் போங்கள். ஹார்பர்ஃபிரன்ட் நிலையத்தை ஒட்டிய விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து மரப்பாலத்தில் நடந்தே தீவுக்குள் போகலாம், கடற்கரையில் மணல் வீடு கட்டலாம், அதற்கே ஒரு காலை சரியாகப் போகும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இந்த வயதுக்கு வீண். நான்கு வயதிலிருந்து டிக்கெட் கேட்பார்கள், ஆனால் பெரிய சவாரிகளுக்கெல்லாம் உயரக் கட்டுப்பாடு உண்டு, பணம் கட்டி உள்ளே போய் அளவுகோலுக்கு முன் நிற்கவைத்து இல்லை என்று சொன்னால் பிள்ளை முகம் என்ன ஆகும்? எட்டு வயதில் கூட்டிப் போகலாம்.

மழை வந்தால்

காலையிலேயே பிடித்துக்கொண்டால் இரண்டு இடங்கள். பூகிஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேசிய நூலகக் கட்டடம், அதன் அடித்தளத்தில் சிறுவர் பகுதி. உறுப்பினராக இல்லாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். இன்னொன்று ஜூரோங் ஈஸ்ட் பக்கம் அறிவியல் நிலையத்தில் கிட்ஸ்டாப், ஒன்றரை வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ளவர்களுக்கு. டிக்கெட் உண்டு, தூரமும் அதிகம். எங்களுக்கு நூலகமே போதுமாக இருந்தது.

ரயிலும் டாக்ஸியும்

0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளை பெரியவரோடு வந்தால் ரயிலிலும் பேருந்திலும் இலவசம். அதற்கு மேல் உயரம், ஆனால் ஏழு வயது ஆகவில்லை என்றால் இலவசப் பயணத்துக்குச் சிறுவர் அட்டை உண்டு, பிள்ளையின் பாஸ்போர்ட்டோடு நிலைய டிக்கெட் அலுவலகத்தில் கேளுங்கள். பெரியவர்கள் ஆளுக்கு ஓர் அட்டை வைத்திருக்க வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது. வெளிநாட்டில் செல்கிற வங்கி அட்டையையே தட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைகளுக்குத் தினம் ஒரு சிறு கட்டணம் கூடுதலாகப் பிடிப்பார்கள், அதனால் ஈசி லிங்க் கார்டு வாங்குவது நல்லது.

ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது, 500 டாலர் அபராதம் என்று பலகையே தொங்கும். பிஸ்கட் டப்பாவைக் கையில் பிடித்தபடிதான் சின்னவன் எங்கேயும் போவான், அதனால் நிலையத்துக்கு வெளியே ஊட்டி முடித்து, டப்பாவைப் பையில் போட்டு, கை துடைத்து, அப்புறம்தான் உள்ளே. இந்தச் சடங்குக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எஸ்கலேட்டர் நம் ஊரைவிட வேகம், நிற்பவர்கள் இடப்பக்கம் நிற்பார்கள். வண்டி வைத்திருந்தால் லிஃப்ட்தான்.

காருக்கு ஒரு விதி. 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடுகிற தனியார் கார்களுக்கு இல்லை. மடியில் வைத்துக்கொள்கிறோம் என்றால் ஓட்டுநர் ஏற்ற மாட்டார், அவர்மேல் தப்பும் இல்லை. செயலியில் டாக்ஸி என்று பார்த்துக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் குழந்தை இருக்கையோடு வருகிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

சாப்பாடு

லிட்டில் இந்தியாவில் தங்கினால் காலையும் இரவும் கவலையில்லை. 1947இலிருந்து நடக்கிற கோமள விலாஸில் தோசை, இட்லி, தயிர் சாதம் எல்லாம் உண்டு. மதியம் எங்கே இருக்கிறோமோ அங்கே ஹாக்கர் சென்டர், அதாவது பல உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம். நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி காரமில்லாத சாப்பாடு என்றால் சிக்கன் ரைஸ், சைவர்களுக்கு வெறும் பரோட்டா, அங்கே பிராட்டா என்பார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த காயா ஜாம் தடவிய ரொட்டி பெரியவளுக்கு அப்படிப் பிடித்துப்போனது, ஊருக்கு ஒரு டப்பா வாங்கி வந்தோம். சைவம் என்றால் மீன், இறால் விழுதுகூட இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசையில் யாரும் இல்லாமல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் இருந்தால் அது காலி மேசை இல்லை, ஆள் பிடித்து வைத்திருக்கிறார். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுகிற அதே சட்டம்தான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும், அது கட்டாயம்.

வீட்டிலிருந்து சத்துமாவும் ரசப்பொடியும் கொஞ்சம் எடுத்துப் போங்கள், அறையில் வெந்நீர்க் கெட்டில் இருக்கும். டயப்பர் இரண்டு நாளைக்குப் போதும், மீதியை ஃபேர்பிரைஸ் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம், பெட்டியில் இடம் மிச்சம். சூயிங்கம் இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ் பொட்டலம், மருத்துவர் சீட்டின் நகல் இவை கைப்பையில் இருக்கட்டும். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் எண்ணும் விடுதியின் பெயரும் எழுதிய ஒரு சீட்டு. தொலைந்தால் ரயில் நிலையத்தில் சீருடை போட்டவரிடம் போகச் சொல்லிக்கொடுங்கள். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995.

கிளம்பும் நாள்

இரவு விமானம் என்றால் மதியமே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும், ஆறு மணி நேரம் தெருவில் சுற்ற முடியாது. பெட்டிகளோடு டாக்ஸி பிடித்து நேராக விமான நிலையத்துக்குப் போங்கள், முதலாம் முனையத்தை ஒட்டி ஜூவல் என்கிற கடைத்தொகுதி இருக்கிறது, 2019இல் திறந்தது. பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே இருப்பதால் யாரும் போகலாம். கூரையிலிருந்து நாற்பது மீட்டர் விழுகிற அருவி, அதைச் சுற்றிக் காடு மாதிரி மரங்கள், முழுக்க ஏசி. பெட்டிகளைக் காசு கொடுத்து வைக்கவும் இடம் உண்டு. விமான நிலையத்தில் தள்ளுவண்டியும் இலவசமாகக் கிடைக்கும், ஆகவே இரண்டு பேருக்கும் இரண்டு வண்டி, சண்டை தீர்ந்தது.

அருவிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பாடு கொடுங்கள், கழிப்பறைக்குக் கூட்டிப் போய் இரவு உடையை மாட்டிவிடுங்கள், பல் தேய்த்துவிடுங்கள். விமானத்தில் ஏறும்போது தூங்கினால் அப்படியே ஊர் வரை தூங்கட்டும். சின்னவன் வாசலிலேயே தூங்கிவிட்டான். பெரியவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இருக்கைக்கு முன்னால் இருந்த அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல தமிழே இல்லையே" என்றாள்.